ஸ்விட்சுக்கு ஓர் இடம்

காலை ஒன்பது மணியிலிருந்து அந்த ஸ்விட்ச் பொன்னுரங்கத்தின் கையிலேயே இருந்தது. கட்டைவிரல் அகலம்கூட இல்லாத கறுப்பு பிளாஸ்டிக் துண்டு. இந்தப் பக்கம் அழுத்தினால் டிக், அந்தப் பக்கம் அழுத்தினால் டிக். மற்ற வேலையெல்லாம் முடிந்துவிட்டது. ரேடியேட்டருக்கு முன்னால் எலெக்ட்ரிக் ஃபேன் உட்கார்ந்தாயிற்று, பெல்ட்டில் சுற்றிக்கொண்டிருந்த பழைய ஃபேனின் இறக்கைகளைக் கழற்றி ஷெட் மூலையில் சாய்த்தாயிற்று, ரிலே, ஃபியூஸ், பேட்டரியிலிருந்து வரும் தடித்த சிவப்பு வயர் எல்லாம் ஆயிற்று. அந்த ஃபேனைப் போடவும் நிறுத்தவும் ஒரு ஸ்விட்ச் வேண்டும், அதை எங்கே வைப்பது என்பது மட்டும்தான் பாக்கி. பத்து நிமிஷ வேலை என்று நினைத்துத்தான் மூன்று ஞாயிறுக்கு முன்னால் ஷெட் கதவைத் திறந்தார். மூன்று ஞாயிறு போய்விட்டது. இருபத்தெட்டு வருஷம் பாலிடெக்னிக்கில் எஞ்சின் பாடம் நடத்தியவர், கரும்பலகையில் ரேடியேட்டர் படத்தைக் கண்ணை மூடிக்கொண்டு வரையக்கூடியவர், ஒரு ஸ்விட்சைக் கையில் வைத்துக்கொண்டு தன் காரைத் தானே சுற்றிச் சுற்றி வந்துகொண்டிருந்தார். அறுபத்தாறாம் வருஷத்து வண்டி. வெளிர் நீலம். முன் கண்ணாடிக்குக் கீழே குறுக்கே ஓடும் டாஷ்போர்டு முழுக்கத் தகரம், அதே நீலம், ஐம்பத்தெட்டு வருஷமாக அதில் ஒருத்தரும் ஓட்டை போட்டதில்லை. போட்டுவிட்டால் போட்டதுதான். தகரத்தில் போட்ட ஓட்டையைத் திரும்ப மூட முடியாது, மூடினாலும் மூடியது தெரியும், தெரியாவிட்டாலும் தனக்குத் தெரியும். சரி, டாஷ்போர்டே வேண்டாம், ஸ்விட்சே வேண்டாம், சூடு ஏறினால் தானாகப் போட்டுக்கொள்ளும் சென்சார் இருக்கிறதே, பித்தளையில் ஒரு சின்னக் குமிழ், அதைத் தண்ணீர்க் குழாயில் நுழைத்துவிட்டால் முடிந்தது. மனுஷனே தேவையில்லை. மனுஷனே தேவையில்லை என்பது எவ்வளவு நிம்மதியான விஷயம்.

ஆனால் எந்தக் குழாயில்? எஞ்சினிலிருந்து கொதித்து வரும் தண்ணீர் ரேடியேட்டருக்குள் போவது மேல் ஹோஸ். அங்கே ஆறி, திரும்ப எஞ்சினுக்குப் போவது கீழ் ஹோஸ். மேலே வைத்தால் எஞ்சின் சூடு உடனே தெரியும், ஆனால் ஒவ்வொரு சிக்னலிலும் ஃபேன் ஓடிக்கொண்டே இருக்கும், இந்தக் கிழட்டு டைனமோ நின்ற இடத்தில் கரண்ட் கொடுக்காது, பேட்டரி இறங்கிவிடும். கீழே வைத்தால் ரேடியேட்டர் கைவிட்ட பிறகுதான் தெரியும், தெரிந்து என்ன பிரயோஜனம். மேலேயா கீழேயா. மேல் என்று முடிவு செய்து பானெட்டுக்குள் குனிந்தால் கீழ்தான் சரி என்று தோன்றியது. கீழ் ஹோஸைத் தொடப் படுத்தால், அடியில் படுத்த நிலையில் மேலேதான் சரி என்று பட்டது. முதுகில் சிமெண்ட் தரையின் குளிர், நெற்றியில் ஏதோ சொட்டியது, பழைய எண்ணெய், துடைத்தால் இன்னும் பரவியது. எழுந்து வந்து, எண்ணெய்க் கையோடு கபூருக்கு போன் போட்டார். கபூர் ஐந்து ரோட்டில் கார் எலெக்ட்ரீஷியன், அவரிடம் படித்தவன்தான், அரியர் வைத்துப் படித்தவன், இன்று சேலத்தில் பழைய வண்டி வைத்திருக்கிற எல்லோருக்கும் அவன்தான் வைத்தியன். "சார், இன்னுமா அதப் பண்ணிட்டிருக்கீங்க? மேல் ஹோஸ்ல சென்சாரப் போட்டுட்டு மறந்துடுங்க சார்." மறந்துடுங்களாம். "தண்ணி குறைஞ்சுதுன்னா என்னடா பண்ணுவ? மேல் ஹோஸ்ல தண்ணி இருக்காது, வெறும் ஆவிதான் இருக்கும். சென்சார் தண்ணியில முங்கல்லேன்னா சரியா வேலை செய்யாது." "கரெக்ட்டுதான் சார். ஆனா தண்ணி ஏன் சார் குறையுது? காலையில ஒரு தடவ பாத்துட்டு எடுத்தா எப்படிக் குறையும்?" கபூர் பக்கத்திலே எவனிடமோ ஸ்பானர் கேட்டான், பிறகு, "அம்மா கை எப்படி சார் இருக்கு? சாம்பார் கொட்டிடுச்சுன்னாங்க," என்றான். "ஆறிடுச்சு," என்று சொல்லி வைத்துவிட்டார்.

சாம்பார். தபால் ஆபீஸுக்கு யாரோ பார்சல் போடப் போயிருக்கிறார்கள், அங்கே வேலை பார்க்கும் அவர் மனைவி வேதவல்லி இடது கையால் முத்திரை குத்துவதைப் பார்த்திருக்கிறார்கள், கேட்டிருக்கிறார்கள். சாம்பார் என்று சொல்லியிருக்கிறாள். ஆபீஸில் சாம்பார், அக்கம்பக்கத்தில் சாம்பார், அவள் அக்காவிடம்கூட சாம்பார்தான். ஊரே அதை நம்பியது, ஒருத்தருக்கும் சந்தேகம் வரவில்லை, முப்பது வருஷமாக அவள் கையிலிருந்து ஒரு கரண்டிகூட நழுவியதில்லை என்பது அவருக்கு மட்டும்தானே தெரியும். நடந்ததை அவள் அவரிடம் சொல்லிக் காட்டவும் இல்லை. சொல்லிக் காட்டியிருந்தால் பதிலுக்கு ஏதாவது சொல்லியிருக்கலாம். டிக். டிக். கையிலிருந்த ஸ்விட்சைத் தானே அழுத்திக்கொண்டிருந்தது தெரிந்தது. சரி, சென்சார் வேண்டாம். குழாயில் வைக்கும் எதையும் நம்ப முடியாது, கையால் போடும் ஸ்விட்சே போதும், டாஷ்போர்டுக்கு அடியில், ஸ்டீயரிங்குக்கு வலது பக்கம் ஒரு சின்னத் தகடு கொடுத்து அதில் மாட்டினால் ஓட்டையும் வேண்டாம். மலை ஏறும்போது எஞ்சின் சூட்டைக் காட்டும் முள்ளைப் பார்த்துக்கொண்டே போய், முள் நகர்ந்தால் போட வேண்டியது. யார் பார்ப்பது? ஓட்டுகிறவன்தான் பார்க்க வேண்டும். ஓட்டுகிறவன் பார்த்துக்கொண்டுதானே போனான் அன்றைக்கும். ஏற்காடு மலைப்பாதையில் முள்ளைப் பார்த்துப் பார்த்துத்தானே ஏறினான். முள் நடுவில் நின்றது. ஏழாவது வளைவில் அவள் "ஏங்க, ஏதோ வாசம் வருது" என்றாள். முள் நடுவில். "முன்னாடி போற லாரிடி." ஒன்பதாவது வளைவில் "நிறுத்துங்க" என்றாள். முள் நடுவில். பத்தாவதிலே மறுபடியும், "கொஞ்சம் நிறுத்துங்களேன்." "முள்ளு நடுவுலதான இருக்கு, சும்மா வாயேன்." தண்ணீர் இறங்கிப்போய், முள்ளுக்குச் சேதி சொல்லும் சென்சார் தண்ணீரைவிட்டு மேலே தனியாக நின்றுகொண்டிருந்தது என்பதைப் பாலிடெக்னிக்கில் எஞ்சின் பாடம் நடத்தியவர் யோசிக்கவில்லை. யோசித்திருந்தாலும் நிறுத்தியிருப்பாரா? பின்னால் நாலு வண்டி வந்துகொண்டிருந்தது, ஏற்றத்தில் நிறுத்தினால் திரும்ப எடுப்பது கஷ்டம், அதோடு பழைய கார் மலையில் நின்றால் போகிறவன் வருகிறவனெல்லாம் பார்த்துச் சிரிப்பான். அதுதான். அந்தச் சிரிப்புதான். அன்று காலை கிளம்புமுன் அரைமணி நேரம் பம்பரைத் துடைத்தார். ரேடியேட்டர் மூடியைத் திறந்து தண்ணீர் இருக்கிறதா என்று பார்க்க அரை நிமிஷம் ஆகும். பார்க்கவில்லை.

வலது பக்கம் தகடு வைத்து அளந்தார். முழங்கால் இடித்தது. இன்னும் உள்ளே தள்ளினால் கண்ணுக்குத் தெரியாது, தடவித்தான் போட வேண்டும், மலையில் ஒரு கையை எடுத்துத் தடவ முடியுமா. சிகரெட் லைட்டருக்கென்று கம்பெனியே விட்ட ஓட்டை ஒன்று நடுவில் இருக்கிறது, அது ஸ்விட்சைவிடப் பெரிசு, வைத்தால் ஆடும். ஸ்டீயரிங் தண்டில் ஒரு பட்டை போட்டுக் கட்டலாமா, அசிங்கம். எங்கே வைத்தாலும் ஒரு குறை. ஒவ்வொரு இடத்துக்கும் கொண்டுபோய் வைத்துப் பார்க்கும்போது, அது ஃபேன் ஸ்விட்சாக இல்லாமல், யாரோ அவரிடம் ஒரு கேள்வியைக் கொடுத்துவிட்டுப் பதில் வரும்வரை போகமாட்டேன் என்று நிற்கிற மாதிரி இருந்தது. எரிச்சலில் தகட்டைத் தூக்கி எறிந்தார், அது சுவரில் பட்டு டங்கென்று விழுந்தது. சமையலறையில் தாளிக்கும் சத்தம் ஒரு நொடி நின்று திரும்பத் தொடங்கியது. அவள் கேட்டிருக்கிறாள். என்ன ஆச்சு என்று கேட்டுக்கொண்டு வரமாட்டாள். ரெண்டு மாசமாக இந்த ஷெட் பக்கமே வரவில்லை. ஆபீஸுக்கு பஸ். கோயிலுக்கு ஆட்டோ. போன வாரம் அவள் அக்கா வீட்டுக்குப் போகும்போது, "வண்டிய எடுக்கட்டா?" என்று கேட்டதற்கு, "நடக்கற தூரந்தானே" என்று சொல்லிவிட்டு நடந்தாள். மூன்று கிலோமீட்டர். கோபமாகச் சொல்லவில்லை. கோபமாகச் சொல்லாததுதான் தாங்க முடியாததாக இருந்தது. வருஷா வருஷம், முதல் வகுப்பில், பையன்களிடம் சொல்வது ஒன்று உண்டு, சூடான எஞ்சினில் ரேடியேட்டர் மூடியைத் திறக்காதே, திறந்தால் முகம் இருக்காது. இருபத்தெட்டு வருஷம் சொன்ன வாய். பன்னிரண்டாவது வளைவில் பானெட் இடுக்கில் புகை கிளம்பி, கடைசியில் வண்டி நின்றபோது, பின்னால் ஹார்ன் அடித்துக்கொண்டு கடந்துபோன வேனில் எவனோ சிரித்தபோது, அதைச் சொன்னவர் கைதான் துணியைப் போட்டு மூடியைத் திருகியது. அவளுக்கு என்ன தெரியும், கொதிக்கிற வண்டிக்குத் தண்ணீர் வேண்டுமே என்று பாட்டிலைத் தூக்கிக்கொண்டு ஓடிவந்து பக்கத்தில் நின்றாள். மூடி திருகின சத்தம் நினைவில் இல்லை. வெந்நீர் எழும்பியதும் நினைவில் இல்லை. அவர் பின்னால் துள்ளிவிட்டார், அது நினைவிருக்கிறது. தான் மட்டும் துள்ளிவிட்டார். அவள் வலது கை, மணிக்கட்டிலிருந்து முழங்கை வரை. அவள் கத்தவில்லை, பாட்டிலைக் கீழே போடாமல் இன்னொரு கைக்கு மாற்றிக்கொண்டு, கையை முன்னால் நீட்டியபடி அப்படியே நின்றாள். அப்போது அவர் என்ன கேட்டார்? ஐயோ என்றா, எரியுதா என்றா. அதைத்தான் ரெண்டு மாசமாக மாற்றி மாற்றிச் சொல்லிப் பார்க்கிறார், குளிக்கும்போது, பல் தேய்க்கும்போது, வேறு எதையாவது கேட்டிருப்பதாக. எதை வைத்தாலும் அது நிற்கவில்லை, கழன்று விழுந்து பழையதே வந்து நின்றது. "நீ ஏன் அங்க வந்து நின்ன?" அதுதான் கேட்டார்.

கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். எண்ணெய் பட்டு இன்னும் மங்கியது. வலது பக்கம் சரிப்படாது என்றால் இடது பக்கம். அந்தப் பக்கம் கதவைத் திறந்து, டாஷ்போர்டுக்கு அடியில் இடம் எப்படி என்று பார்க்க உட்கார்ந்தார். உட்கார்ந்ததும் ஒரு வினாடி எங்கே இருக்கிறோம் என்று புரியவில்லை. பதினாலு வருஷமாக வண்டி அவருடையது, இந்த சீட்டில் ஒரு தடவைகூட உட்கார்ந்ததில்லை. சீட்டு தாழ்ந்திருந்தது, அவளுடைய அளவுக்குப் பள்ளம் விழுந்திருந்தது. தலை நிமிர்த்தி முள்ளைப் பார்த்தார். முள் தெரியவில்லை. ஸ்டீயரிங் வளையம் சரியாக அதன் மேல் விழுந்து மறைத்தது. கழுத்தை நீட்டினார், சாய்ந்தார், எப்படிப் பார்த்தாலும் வளையம்தான். அப்படியானால் அவள் ஏழாவது வளைவில் முள்ளைப் பார்த்து ஒன்றும் சொல்லவில்லை. எதைப் பார்த்தாள்? இங்கிருந்து பானெட்டின் இடது விளிம்பு முழுக்கத் தெரிந்தது, டிரைவர் சீட்டிலிருந்து அது தெரியவே தெரியாது. கால் பக்கம் குனிந்தார். எஞ்சின் அறைச் சுவரில், கால் வைக்கும் இடத்துக்கு மேலே, விரல் நுழைகிற அளவு ஒரு துளை, எந்தக் காலத்திலோ ரப்பர் அடைப்பு விழுந்துபோயிருக்கிறது. எஞ்சின் காற்று நேராக அவள் காலில்தான் வந்திருக்க வேண்டும். எஞ்சின் கொதித்தது முதலில் அவள் பாதத்துக்குத்தான் தெரிந்திருக்கிறது. வண்டியில் இருந்த ரெண்டு பேரில் விஷயம் தெரிந்தவள் அவள்தான், அவரிடம் இருந்தது வெறும் முள். துளைக்குள் சுண்டுவிரலை விட்டபடி வெகுநேரம் குனிந்தே இருந்தார், ரத்தம் தலைக்கு ஏறியது. இடது பக்கம்தான். ஸ்விட்ச் இடது பக்கம்தான் இருக்க வேண்டும், அவள் கைக்கு எட்டுகிற இடத்தில், அவளுக்குச் சூடு தெரிந்தால் அவளே போட்டுக்கொள்ளட்டும். மூன்று ஞாயிறாகக் கிடைக்காத பதில் கிடைத்துவிட்ட வேகத்தில், எங்கே இருக்கிறோம் என்றுகூட யோசிக்காமல், "வேதா!" என்று கூப்பிட்டுவிட்டார்.

வருவாள் என்று எதிர்பார்க்கவில்லை. முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு ஷெட் வாசலில் வந்து நின்றாள். அவர் இடது சீட்டில் இருப்பதைப் பார்த்து, "என்ன அங்க உக்காந்திருக்கீங்க?" என்றாள்.

"ஒரு நிமிஷம் இதுல வந்து உக்காரு. கை எதுவரைக்கும் எட்டுதுன்னு பாக்கணும்."

"எதுக்கு?"

"ஃபேன் ஸ்விட்ச் உன் பக்கம் வைக்கப்போறேன். சூடாகுதுன்னு தோணிச்சுன்னா நீயே போட்டுடலாம். என்னக் கேக்கவே வேண்டாம்."

அவள் உள்ளே வரவில்லை. கார் கதவின் மேல் கையை வைத்தாள், வலது கை, தோல் அங்கங்கே வெளுத்து, சில இடத்தில் இளஞ்சிவப்பாகப் பளபளத்தது. அதைப் பார்க்காமலிருக்க அவர் ஸ்விட்சைப் பார்த்தார். டாஷ்போர்டின் இடது ஓரத்தில் அதை வைத்துக் காட்டி, "இங்க வச்சா? இல்ல இன்னும் கொஞ்சம் கீழ?" என்றார்.

"எனக்கு ஸ்விட்ச் வேண்டாம்."

"இல்ல வேதா, இங்கருந்து பாத்தா..."

"எனக்கு எதுக்குங்க ஸ்விட்ச்? வண்டி உங்க வண்டி. ஃபேன் எப்பப் போடணும், தண்ணி எப்ப ஊத்தணும், அதெல்லாம் எனக்குத் தெரியாது. நான் நிறுத்துங்கன்னு சொன்னா நிறுத்துங்க. அது ஒண்ணுதான்." குரல் ஏறவில்லை. கவுன்ட்டரில் இன்னும் நாலு ரூபாய் ஸ்டாம்ப் ஒட்டணும் என்று சொல்கிற அதே குரல். "ஏன்னு கேக்காம நிறுத்துவீங்களா?"

நிறுத்துவேன் என்று சொல்வதுதான் எவ்வளவு சுலபம். ஆனால் வாய் அதற்குள் வேறு எதையோ தேடிக்கொண்டிருந்தது, ஏற்றத்தில் நிறுத்தினால் கிளட்ச் போய்விடும் என்று, பின்னால் வண்டி வந்தால் எப்படி நிறுத்துவது என்று, எல்லாம் நியாயமானவை, எல்லாம் உண்மையானவை. இந்த நியாயங்களை வைத்துக்கொண்டுதான் இத்தனை வருஷம் ஓட்டியிருக்கிறார். "அது எரிஞ்சுது இல்ல, அன்னைக்கு," என்றார். என்ன பேச்சு இது என்று அவருக்கே கேவலமாக இருந்தது. "ரொம்ப எரிஞ்சிருக்கும்."

"எரிஞ்சுதுதான்," என்றாள்.

"நான் கேட்டிருக்கணும்."

அவள் பானெட்டைப் பார்த்தாள். பிறகு, "வண்டி ஓடுமா இப்ப?" என்று கேட்டாள். "ஸ்விட்ச் இல்லாமயா? வயர ரெண்டையும் சேத்து முறுக்கிட்டா ஃபேன் பாட்டுக்கு ஓடும்." "அப்ப முறுக்குங்க. குழம்பு ஆறட்டும், ஒரு ரவுண்டு போயிட்டு வரலாம்." உள்ளே போய் அடுப்பை அணைத்துவிட்டு, செருப்பைப் போட்டுக்கொண்டு வந்து, அவர் காலி செய்த சீட்டில் உட்கார்ந்து கதவைச் சாத்தினாள்.

ரேடியேட்டர் மூடியைத் திறந்து தண்ணீர் விளிம்புவரை இருப்பதைப் பார்த்தார். வயர்களை முறுக்கினார். ஃபேன் உறுமிக்கொண்டு கிளம்பியது, பேச்சே கேட்காத அளவு சத்தம். ஸ்விட்சைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். அழகாபுரத்திலிருந்து ஐந்து ரோடு வரைக்கும் போய்த் திரும்பலாம் என்று திட்டம். பங்குனி வெயில், ஞாயிற்றுக்கிழமை, ஆனாலும் ரோட்டில் கூட்டம் குறையவில்லை. அவள் வெளியே பார்த்துக்கொண்டு வந்தாள். அவருக்குக் காது முழுக்க எஞ்சினிலேயே இருந்தது, ஃபேன் சத்தத்தில் அதுவும் சரியாகக் கேட்கவில்லை, இந்தச் சத்தத்தில் அவள் ஏதாவது சொல்லி அது கேட்காமல் போனால் என்ற பயத்தில் ஒரு பக்கக் காதை இடது பக்கம் சாய்த்தே ஓட்டினார், கழுத்து வலித்தது. பெட்ரோல் பங்க் தாண்டியது. செருப்புக் கடை, கண் ஆஸ்பத்திரி தாண்டியது. ரோடு குறுகும் இடத்தில், ஒரு டவுன் பஸ் பின்னால் ஒட்டிக்கொண்டு வந்தபோது அவள் சொன்னாள்.

"நிறுத்துங்க."

ஒன்றும் ஆகவில்லை. எஞ்சின் சரியாக ஓடுகிறது, வாசம் இல்லை, புகை இல்லை, நிறுத்துவதற்கு இதைவிட மோசமான இடம் இந்த ஊரில் கிடையாது, ஓரம்கூட இல்லை, இடது பக்கம் சாக்கடை, பின்னால் பஸ்காரன் ஏற்கெனவே ஹார்னில் கை வைத்தாயிற்று. ஏன் என்ற சொல் அவர் தொண்டைவரை வந்துவிட்டது. அதை விழுங்கியபோது வலித்தது. காலைத் தூக்கி பிரேக்கில் வைத்து அழுத்தினார். வண்டி நின்றது. பஸ் அலறியது. பஸ்ஸுக்குப் பின்னாலும் அலறினார்கள். ஸ்கூட்டரில் கடந்துபோன ஒருவன் குனிந்து உள்ளே பார்த்து, "பெரியவரே, வீட்டுல வச்சுப் பூட்டுங்க இத," என்று சொல்லிவிட்டுப் போனான். பொன்னுரங்கத்துக்குக் காது, முகம், கழுத்து எல்லாம் கொதித்தது. வாய் திறந்தால் என்ன வரும் என்று தெரியாததால் திறக்கவில்லை. பக்கத்தில் திரும்பிப் பார்த்தார். வேதவல்லி நேராக முன்னால் பார்த்துக்கொண்டிருந்தாள். பஸ் கண்டக்டர் இறங்கி, சாக்கடை விளிம்பில் கால் வைத்து வந்து இடது பக்கக் கண்ணாடியைத் தட்டினான். அவள் அதை நிதானமாக இறக்கி, "ஒரு நிமிஷம் தம்பி," என்றாள். ஒரு நிமிஷம் முழுசாக உட்கார்ந்திருந்தார்கள். பிறகு அவள் சொன்னாள்.

"சரி. போங்க."

அவர் முதல் கியரைப் போட்டார்.